கட்டிய ஆண்டு

படிவத்தில் ஒன்பதாவது கேள்வி அது.
நான்கு சின்னப் பெட்டிகள், எண்ணுக்கு ஒன்று.
"கட்டின வருஷம் என்னங்க?"
வாசலில் அலுமினியக் குண்டான் துலக்கிய சௌடம்மா
தலை நிமிராமல் கேட்டாள்:
"எந்தக் கட்டுக்கு?"

வரி போட வந்தவள் நான்.
கொண்டலாம்பட்டி, கதவு எண் பதினாலு பார் ரெண்டு.
டேப்பின் ஒரு முனையை அவள் மகன் பிடித்தான்.
மறுமுனை போய் முட்டிய இடத்தில்
கணப்பு.
ஆமாம், சேலத்தில். மே மாதத்தில்.
ஆள் குனிந்து நுழையும் கருங்கல் வாய்.
உள்ளே சிவப்பாக ஒரு கேஸ் சிலிண்டர்
குளிர்காய்ந்துகொண்டிருந்தது.

ஏற்காட்டில் யாரோ ஒரு காபித் துரை
மழை பார்க்கச் சன்னலும்
மழைக்குப் பயந்து கணப்பும் வைத்தான்.
செடியில் தண்டுத் துளைப்பான் விழுந்த வருஷம்
விற்றுவிட்டுக் கப்பலேறினான்.
வாங்கியது மில்.
மானேஜர் பங்களாவுக்கு மலைத் தேக்கு மலிவு.
தச்சர்கள் உத்தரங்களில் உளியால் எண் வெட்டினார்கள்,
௧, ௨, ௩ என்று.
வளைவு வளைவாக வண்டியில் இறங்கிய வீட்டில்
௭ மட்டும் வந்து சேரவில்லை.
கணப்பு எதற்கென்று ஒருவரும் கேட்கவில்லை.
பட்டியலில் இருந்தது, இறக்கினார்கள்.

"அதுல தீ எரிஞ்சு ஒரு தடவைதான் பாத்தேன்" என்றாள்.
கோன் வைண்டிங்கில் பத்தொன்பது வருஷம் அவள்.
கூலி உயர்வு மனுவில் முந்நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து,
பாதி கைநாட்டு.
மானேஜர் படிக்கக்கூட இல்லை.
கணப்பின் முன் ஐந்து பேரை நிறுத்தி
தாள் தாளாகப் போட்டான்.
வெளியே நூற்றிரண்டு டிகிரி.

பிறகு மில் மூடியது. பிறகு வழக்கு. பதினோரு வருஷம்.
பணம் இல்லை, பொருளாக எடுத்துக்கொள் என்றது தீர்ப்பு.
சிலருக்கு மோட்டார், சிலருக்குக் காயலான் இரும்பு.
மூவருக்கு ஒரு பங்களா:
ஃபிட்டர் இருசப்பன், வாட்ச்மேன் பாபுஜான், இவள்.
நிலம் வங்கிக்கு. ஒன்பது நாள் கெடு.

மூன்று ஷிப்டாகப் பிரித்தார்கள்.
சங்கு ஊதவில்லை என்றாலும்
ஆறுக்கு, இரண்டுக்கு, பத்துக்கு ஆள் மாறியது.
பாபினுக்கு அடிக்கிற பெயிண்டையே மரத்துக்கும் அடித்தார்கள்.
நாற்பதாம் நம்பர் பச்சை இருசப்பனுக்கு,
எண்பதின் நீலம் பாபுஜானுக்கு,
அறுபது சிவப்பு இவளுக்கு.
தலைக்கு மேலே பார்த்தேன்:
௪, பக்கத்தில் ஒரு சிவப்புப் பொட்டு.

கணப்புக்குச் சீட்டுப் போட்டார்கள்.
வேண்டாத சீட்டு இவளுக்கு விழுந்தது.
ஜல்லிக்கு உடைக்கலாம் என்றான் இருசப்பன்.
"அதுக்கு முன்னாடி என்னய நிக்க வச்சாங்க.
இனி அது எங்கிட்ட நிக்கட்டும்னேன்."

அவசரத்தில் கொத்தனார்
புகைபோக்கிச் செங்கல் நாலைத் திருப்பி வைத்துவிட்டார்.
தெருப்பக்கம், சன்னலுக்குக் கீழே,
எத்தனை சுண்ணாம்பு அடித்தாலும் ஐப்பசியில்
கறுப்பு எட்டிப் பார்க்கிறது.
மலைக் கரியோ மனுக் கரியோ,
அவளுக்கே தெரியாது.

"பழசுன்னா வரி குறையுமா?"
குறையும் என்றேன்.
வருஷத்துக்கு நூற்றுப் பதினெட்டு ரூபாய்.
குண்டானைக் கவிழ்த்தாள். கையை முந்தானையில் துடைத்தாள்.
நாங்கள் கட்டியது என்று சொல்வாள் என நினைத்தேன்.
"தொரை வருஷத்தையே போடும்மா.
அவன் பேர்ல ஏதாவது குறையட்டும், ஒரு தடவையாச்சும்."

துரையின் வருஷம் அவளுக்குத் தெரியாது, எனக்கும்.
உத்தரத்தில் எண்தான் இருந்தது.
ஒன்று, எட்டு, ஒன்பது என்று எழுதி
கடைசிப் பெட்டியில் தயங்கினேன்.
மகன் எட்டிப் பார்த்து "ஏழு" என்றான்.
"காணாமப் போச்சே, அதுங்க."

டேப்பைச் சுருட்டும்போது
கணப்பின் உள்ளுதட்டில் உரசியிருக்க வேண்டும்.
பதினாலு பார் மூன்றில் அளந்தபோது
பாபுஜானின் புதிய வெள்ளைச் சுவரில்
எட்டடிக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புக் கோடு விழுந்தது.